விளம்பரத்துக்குக் கண் கொடுத்தவர்கள்



நம் மன்றத்தின் நினைவுச் சொற்பொழிவு என்றால் கவிதை, கதை, தன்வரலாறு என்றே இதுவரை பேசிவந்திருக்கிறோம். இந்த ஆண்டு படத்தைப் பற்றிப் பேசுகிறோம். அதிலும் இலக்கியக்காரர்கள் ஒரு பொருட்டாக மதிக்காத விளம்பரப் படத்தைப் பற்றி. ஜலகண்டாபுரத்தில் இதைப் பேசக் காரணம் உண்டு. இது தறி ஊர். இங்கே நெய்யும் சேலை எங்கோ ஒரு நகரத்துச் சாலையோரப் பலகையில், யாரோ ஒரு நடிகையின் தோளில் கிடக்கிறது. சேலைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு புகைப்படக்காரர் நிற்கிறார். அவருக்குப் பின்னால், அவர் மனதில், வேறொரு ஓவியர் நிற்கிறார். அந்த வரிசையில் பின்னோக்கி நடந்து பார்ப்பதுதான் இன்றைய வேலை.

விளம்பர நிறுவனங்களில் ‘ரெஃபரன்ஸ்’ என்றொரு சொல் புழங்குகிறது. புதிதாக ஒரு விளம்பரம் செய்ய உட்காரும்போது, யாரோ எடுத்த புகைப்படங்கள், யாரோ வரைந்த ஓவியங்கள், பழைய சினிமாக் காட்சிகள் எல்லாவற்றையும் திரட்டி ஒரு பலகையில் ஒட்டிவைப்பார்கள். இந்த வெளிச்சம் வேண்டும், இந்த முகவெட்டு வேண்டும், இந்தச் சுவரின் நிறம் வேண்டும் என்று அதைக் காட்டியே பேசுவார்கள். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. கலை எல்லாக் காலத்திலும் கலையிடம் கடன் வாங்கித்தான் வந்திருக்கிறது. ஆனால் கடன் என்றால் கணக்கு எழுத வேண்டும். தமிழ்நாட்டு விளம்பரம் யாரிடம் கண்ணை வாங்கியது, யாருடைய உடலைப் படத்தில் வைத்தது, யாருடைய கையால் அதைச் சுவரில் ஏற்றியது என்ற கணக்கில் பாதிப் பக்கங்கள் எழுதப்படவே இல்லை. எழுதப்படாத பக்கங்களில் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

படத்துக்கு முன்னால் பறை இருந்தது. மணிமேகலையின் முதல் காதையே ஒரு அறிவிப்புதான். இந்திர விழா வருகிறது என்று யானையின் பிடரியில் முரசை ஏற்றி, முதுகுடியில் பிறந்த ஒருவன் நகருக்கு அறைந்து சொல்கிறான். உரைகாரர்கள் அவனை வள்ளுவன் என்பார்கள். யானை போய், பிற்காலத்தில் கால்நடையாகத் தண்டோரா போடும் வேலை சேரியின் தலையில் விழுந்தது. ஏலமா, வரிக்கெடுவா, கோயில் கொடை நாளா, தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனவர் நம்மவர். செய்தி ஊருடையது, அலைந்த கால் சேரியுடையது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா முறையை நிறுத்தி வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அதாவது சுதந்திரம் வந்து 75 ஆண்டுகள் ஆகும்வரை, அரசின் அறிவிப்பு ஊடகமாகவே ஒரு சாதியின் தோளும் கழுத்தும் இருந்திருக்கின்றன. விளம்பரத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் செய்தித்தாளில் தொடங்குவார்கள். நாம் இங்கிருந்து தொடங்குகிறோம்.

இனிப் படம். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் நியமிக்கப்பட்டார். அவருடைய ஆல்பங்களில் ஒன்று, 1858இல் வந்தது, ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது. ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று நம் மாவட்டம். டிரைப் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. பாறையின் மேல் விழும் வெயிலை அவரைப்போல் பிடித்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. ஆனால் அவர் விரும்பிய காட்சி கோட்டையும் கோயிலும் மலையும்தான், மனிதர்கள் அரிது. அன்றைய கேமராவுக்கு நெடுநேரம் அசையாத பொருள் தேவைப்பட்டது என்பது ஒரு காரணம். ஆட்சிக்குக் கோட்டையின் படம் தேவைப்பட்ட அளவுக்குக் கோட்டைக்குக் கீழே கல் சுமந்தவரின் படம் தேவைப்படவில்லை என்பது இன்னொரு காரணம். இன்றும் சுற்றுலா விளம்பரத்தில் ஆளரவமற்ற கோயிலும் குளமும் தெரிகின்றனவே, அந்தக் கண்ணுக்கு வயது 160க்கு மேல்.

கேமரா நம் பக்கம் திரும்பியது பஞ்சத்தில். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமான மக்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்தும் நிறுத்திவைத்தும் படம் எடுத்தார். படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை. குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், நிற்க முடியாமல் கழியைப் பிடித்திருக்கும் கிழவர், வரிசையாக நமக்குத் தெரிவது விலா எலும்புகள்தான். இங்கிலாந்தில் நிவாரணப் பணம் திரட்ட இத்தகைய படங்கள் உதவின. அந்தப் பணத்தால் சிலர் பிழைத்தும் இருப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் தொண்டு நிறுவன விளம்பரம் என்ற ஒரு வகையே இங்கிருந்துதான் தன் பார்வையைக் கற்றது என்பது எங்கள் எண்ணம். நேராகப் பார்க்கும் பெரிய கண், அழுக்குத் துணி, பெயரில்லாத குழந்தை, கீழே வங்கிக் கணக்கு எண். 150 ஆண்டுகளில் மாறியது அச்சுத் தரம் மட்டுமே.

பஞ்சத்துக்குப் பிறகு பட்டியல் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் உதவியோடு, 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், படம் எடுத்துப் போட்டார். படத்தின் கீழே ஆளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாதியின் பெயர். ஒருவர் ஒருவராக இல்லாமல் ஒரு மாதிரியாக நிற்கிறார். இன்று கிராமத்து முகம் தேடும் விளம்பரக்காரர்கள் நடிகர்களைப் பிடித்துத்தரும் ஆட்களிடம் கேட்கும் குறிப்பைப் படித்தால் தர்ஸ்டன் நினைவுக்கு வருவார். கருத்த தோல், சுருட்டை முடி, கூலிக்காரர் தோற்றம் என்று இருக்கும். பெயர் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

இதே காலத்தில் வேறொரு ஓடை ஓடியது. அதுதான் கடையிலும் வீட்டிலும் ஏறி உட்கார்ந்தது. கிளிமானூர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதுவரை அரண்மனைச் சுவரில் இருந்த எண்ணெய் ஓவியம் கல்லச்சில் ஏறி, சில அணாவுக்குச் சந்தைக்கு வந்தது. லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் சேலை கட்டி, வெளுத்த மேனியும் உருண்ட தோளும் தந்து, இந்தியா முழுவதற்கும் ஒரே முகத்தை ஊன்றியவர் அவர். தெய்வத்துக்கு ஊன்றிய முகமே மணப்பெண்ணுக்கும் ஊன்றிய முகமாகிவிட்டது. நகைக்கடை, பட்டுக்கடை, சோப்பு, பவுடர் எல்லாம் அந்த முகத்தைச் சுற்றித்தான் நூறாண்டுகளாக வட்டமிடுகின்றன.

2008இல் தி சென்னை சில்க்ஸ் நிறுவனம் சுமார் 40 லட்சம் ரூபாய் விலையில் ஒரு பட்டுச் சேலையை நெய்வித்தது. முந்தானையில் ரவிவர்மாவின் புகழ்பெற்ற ஓவியம், பல பகுதிப் பெண்கள் இசைக் கருவிகளோடு கூடியிருக்கும் காட்சி; அதோடு சேர்த்து அவருடைய 11 ஓவியங்கள் அந்தச் சேலையில் இருந்தன. நாடெங்கும் செய்தியானது. விளம்பரம் என்ற வகையில் பெரிய வெற்றி. ரவிவர்மா பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த ஓவியத்தை இழை இழையாகத் தறியில் ஏற்றியவர்களின் பெயரை, தறிச் சத்தத்தில் வளர்ந்த இந்த ஊர் அரங்கத்தில் எத்தனை பேர் சொல்ல முடியும்? எண்ணெயில் வரைவதைவிடப் பட்டில் நெய்வது சுலபமா என்று நெசவாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

2020இல் சென்னையின் முன்னணி விளம்பர, ஃபேஷன் புகைப்படக்காரர்களில் ஒருவரான ஜி. வெங்கட் ராம், சுஹாசினி மணிரத்னத்தின் ‘நாம்’ அறக்கட்டளைக்காக ஒரு நாட்காட்டி எடுத்தார். நடிகைகளை ரவிவர்மா ஓவியங்களாகவே நிறுத்திய நாட்காட்டி. அதே திரைச்சீலை, அதே பக்கவாட்டு வெளிச்சம், அதே நகை. வேலை நேர்த்தியானது, நோக்கமும் நல்லதே. நாங்கள் கவனிக்கச் சொல்வது, 120 ஆண்டுகள் கழித்தும் அழகு என்றவுடன் கை எந்தப் புத்தகத்தைத் திறக்கிறது என்பதை.

ரவிவர்மாவுக்கும் நம் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு பெரிய ஆள் இருக்கிறார். அவரைத் தவறவிட்டுவிட்டுத்தான் பலரும் பேசுகிறார்கள். கோவில்பட்டி சி. கொண்டையராஜு, 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். சென்னைக் கலைப் பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனியோடு திரை வரையும் ஓவியராகச் சுற்றி, கோவில்பட்டியில் தங்கி, அங்கேயே சீடர்களை வளர்த்தார். தெய்வங்களுக்கு அவர் தந்த பின்னணியைப் பாருங்கள்: தூண், மாடம், இழுத்துக் கட்டிய திரை. அது நாடக மேடையின் பின்னணி. டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம் என்று அவருடைய சீடர்களும் அதே கையோடு வரைந்தார்கள். எல்லாம் சிவகாசிக்குப் போய் அச்சாகி, அடியில் கடைப் பெயர் போடுவதற்குக் காலியிடம் விட்டு, ஆல்பத்தில் அடுக்கப்பட்டன. மளிகைக்கடைக்காரர் ஆல்பத்தைப் புரட்டி ஒரு முருகனையோ மீனாட்சியையோ தேர்ந்தெடுப்பார். தை பிறக்கும்போது அந்தப் படம் நூறு வீடுகளில் தொங்கும். கடையின் முதலாளி செய்த விளம்பரம், கொண்டையராஜுவின் கண்ணில் தெரிந்த தெய்வம்.

சிவகாசி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1899இல் அங்கே நடந்த கலவரத்தின் வேர் நாடார்களின் கோயில் நுழைவு உரிமை. அந்தக் கோயில் கதவு அவர்களுக்குச் சாத்தப்பட்டிருந்தது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகம் வந்தது. ஒரு தலைமுறை கழிவதற்குள், கோயிலுக்குள் விடப்படாதவர்களின் ஊரே தமிழ்நாட்டுக்கெல்லாம் கடவுளை அச்சடித்துக் கொடுத்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நாடார்களும் தலித்துகளும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். அப்படி ஒரு நாள் வாய்க்காத எத்தனையோ ஊர்களில், கர்ப்பக்கிரகத்துக் கடவுள் சேரிக் குடிசைக்குள் வந்தது ஒரு மளிகைக்கடை நாட்காட்டி வழியாகத்தான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மூடிய கதவைப் படம் சுற்றிக்கொண்டு வந்தது என்று மகிழ்பவர்களும் உண்டு. கதவை உடைக்கும் கோபத்தைப் படம் தணித்துவிட்டது என்பவர்களும் உண்டு. இரண்டாவது தரப்போடு நாங்கள் சற்று அதிகம் உடன்படுகிறோம்.

முகத்தின் நிறத்துக்கு வருவோம். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் சந்தைக்கு வந்தது. 2020இல், உலகெங்கும் கறுப்பின மக்களின் போராட்டம் எழுந்த கையோடு, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாறுவதற்கு 45 ஆண்டுகள். இடையில் 2017 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த புகைப்படக்காரர் நரேஷ் நில், விளம்பரப் படத்துறைக்காரர் பரத்வாஜ் சுந்தர் இருவரும் ஒரு படத் தொடர் வெளியிட்டார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் கருத்த தோலோடு. நாட்காட்டியின் அதே ஒளி, அதே நகை, அதே மலர்; தோல் மட்டும் நம் ஊர்த் தோல். விளம்பரத் துறைக்குள்ளிருந்தே தன் ரெஃபரன்ஸைக் கேள்வி கேட்ட நேர்மையான முயற்சி அது. ஆனால் கறுப்பு என்ற சொல் தமிழ்நாட்டில் சாதியை மூடும் போர்வையாகவும் பயன்படுகிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. தோலில் கறுத்த ஆதிக்கச் சாதிக்காரர் எத்தனையோ பேர். பலகையில் நிறம் மாறிவிட்டால் படப்பிடிப்புத் தளத்தில் தேநீர்க் குவளை மாறிவிடும் என்று சொல்ல முடியாது.

சரி, படத்தில் வைக்கப்பட்டவர்களாகவே நாம் இருந்துவிட்டோமா? இல்லை. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரட்டைமலை சீனிவாசன், தன் கோட்டில் தீண்டப்படாதவர் என்று எழுதிய அடையாள வில்லையைக் குத்திக்கொண்டு மன்னர் முன் நின்றார். தர்ஸ்டன் படத்துக்குக் கீழே போட்ட தலைப்பைத் தன் கையாலேயே எழுதி, தன் மார்பில் குத்தி, எழுத வைத்தவர்களின் அரண்மனைக்கே கொண்டுபோன செயல் அது. காட்சி மொழியின் ஆற்றலை இப்படிப் புரிந்துகொண்ட அரசியல்வாதி அன்றைய தமிழகத்தில் வேறு யாரும் இருந்ததாக நாங்கள் நினைக்கவில்லை.

அமெரிக்காவில் ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து தப்பித்தவர், 19ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர். சுமார் 160 படங்கள் கிடைத்துள்ளன. நல்ல கோட்டு, நேரான பார்வை. சிரித்துக்கொண்டு இளிக்கும் கறுப்பின மனிதனைத்தான் அன்றைய கேலிச்சித்திரங்களும் சரக்கு லேபிள்களும் காட்டின என்பதால் அவர் கேமரா முன் சிரிக்க மறுத்தார். 1861இல் படங்களைப் பற்றியே தனியாக ஒரு சொற்பொழிவு ஆற்றினார். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், கறுப்பின அமெரிக்கர்களின் 363 புகைப்படங்களை ஆல்பங்களாக வைத்தார். கையால் வரைந்த வண்ண வரைபடங்களும் அதோடு இருந்தன. புள்ளிவிவரத்தைப் படமாக்கும் இன்றைய வடிவமைப்பாளர்கள் அந்த வரைபடங்களைத் தேடிப்பிடித்துப் பார்க்கிறார்கள். அவற்றின் சிவப்பும் பச்சையும் வளைந்த கோடும் இன்று பல சுவரொட்டிகளில் தென்படுகின்றன.

இந்த வெளிச்சத்தில் அண்ணல் அம்பேத்கரின் கோட்டைப் பாருங்கள். காந்தி துணியைக் குறைத்துக்கொண்டபோது அம்பேத்கர் கோட்டும் டையும் அணிந்து படத்துக்கு நின்றார். கந்தல் நமக்கு விதிக்கப்பட்ட உடை. அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ளும் வசதி நமக்கில்லை. பிரம்மேஷ் வாக் என்ற சிற்பி வடித்த அம்பேத்கர் வெண்கலச் சிலை 1967 ஏப்ரல் 2 அன்று நாடாளுமன்ற வளாகத்தில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பட்டது. ஒரு கையில் அரசமைப்புச் சட்டம், மறு கையின் விரல் நீண்டிருக்கிறது. நம் ஊர்ச் சிமென்ட் சிலைகளும், சுவரில் நீல வண்ணத்தில் எழும் உருவங்களும், ஏப்ரல் 14 பதாகைகளும் அந்த உடல்மொழியின் வழிவந்தவை. இந்தியாவில் மிக அதிகமாக மறுபடி மறுபடி வரையப்பட்ட உருவங்களில் ஒன்றை, எந்த விளம்பர நிறுவனத்தின் பணமும் இல்லாமல், சேரி ஓவியர்களும் சிமென்ட் கொத்தனார்களும் பரப்பினார்கள். சிற்பி வாக்கின் பெயர் நம்மிலேயே பலருக்குத் தெரியாது.

1997இல் ஆப்பிள் கணினி நிறுவனம் மாறிச் சிந்தியுங்கள் என்ற பொருளில் ஒரு விளம்பர வரிசை நடத்தியது. ஐன்ஸ்டைன், பிக்காசோ, மார்ட்டின் லூதர் கிங், விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் ஆகியோரோடு காந்தியின் படமும் அதில் இருந்தது. அம்பேத்கர் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று நாங்கள் ஏங்கவில்லை. கணினி விற்க அவர் முகம் வேண்டாம். ஆனால் உலக விளம்பரத்தின் கண்ணுக்கு இந்தியாவில் மாறிச் சிந்தித்தவர் யாராகத் தெரிந்தார் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

சுவருக்கு வருகிறோம். சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலனையும், 1956இல் தமிழின் முதல் வண்ணப் படமான அலிபாபாவும் 40 திருடர்களும் படத்தையும் எடுத்தது. படம் ஓட வேண்டுமென்றால் கொட்டகை வாசலில் பேனர் எழ வேண்டும். ஒரு சிறிய ஸ்டில் படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் முகத்தை வளர்ப்பார்கள். முகத்துக்கு ஆசிரியர் கை. சேலைக்கும் வானத்துக்கும் உதவியாளர் கை. துணியைச் சட்டத்தில் அடிப்பதற்கும் பசை காய்ச்சுவதற்கும் எடுபிடி கை. சினிமா பேனரின் கன்னத்தில் தெரியும் இளஞ்சிவப்பும் நீலமும் எந்தக் கல்லூரியிலும் கற்பித்தவை அல்ல. தூரத்திலிருந்து, பேருந்தில் போகிறவர் கண்ணில், இரவு விளக்கில் முகம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்ற தேவையில் பிறந்தவை. இன்று நகரத்து உணவகங்களும் துணிக்கடைகளும் பழைய பேனர் பாணியில் விளம்பரம் செய்கின்றன. கணினியில் அந்த இளஞ்சிவப்பை எடுத்துவிடலாம். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் அச்சு வந்து ஓரிரு ஆண்டுகளில் அவர்களுடைய தூரிகைகளைத் தூக்கி எறிந்தபோது, அந்தப் பாணியை இன்று ரசிப்பவர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை.

பேனரில் மூலையில் கம்பெனிப் பெயராவது இருக்கும். சுவரெழுத்தில் அதுவும் இல்லை. பம்புசெட் மோட்டார், உரம், சிமென்ட், பற்பொடி என்று சேலம் நாமக்கல் சாலையெங்கும் வெயிலில் ஏணி போட்டு எழுதியவர்கள் பலர் நம் தெருக்காரர்கள். கூலி சதுர அடிக்கு. 1990களில் விடுதலைச் சிறுத்தைகளின் எழுச்சியின்போது அதே கை இரவில் நம் சொற்களை எழுதியது. பகலில் சிமென்ட் விளம்பரத்துக்குப் பழகிய நிழலெழுத்து, இரவில் முழக்கத்துக்கு வந்தது. அரசியல் சுவரெழுத்தின் அழகியலை ஆராய்கிறவர்கள் இந்த எளிய உண்மையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பா. ரஞ்சித்தின் மெட்ராஸ், 2014இல் வந்தது, ஒரு சுவர் யாருக்கு என்பதையே கதையாக எடுத்துக்கொண்டது. ரஞ்சித் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர். கொண்டையராஜு பயின்ற அதே பள்ளியின் வழிவந்த கல்லூரி. ஒரே கூடத்திலிருந்து நாட்காட்டிக் கடவுளும் வந்தார்கள், வடசென்னைச் சுவரும் வந்தது.

இப்போது நிகழ்காலம். இங்கேதான் நமக்கு இழப்பும் வாய்ப்பும் இருக்கின்றன. மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார், மீன் விற்கும் தாயின் மகன், மலக்குழித் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் படம் எடுத்துவருகிறார். திவ்யபாரதியின் கக்கூஸ் ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தவர். பாரி இணைய இதழில் அவருடைய படங்கள் வருகின்றன. 2022இல் தயாநிதா சிங் பெயரிலான ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருதைப் பெற்றார். அவர் படங்களில் துப்புரவுத் தொழிலாளிக்குப் பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்பிக்கவும் செய்கிறார். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் தானாகவே கற்றுக்கொண்டவர். சொந்த ஊரையும் சொந்தக் குடும்பத்தையும் எடுத்த படங்கள் உலக அரங்குகளுக்குப் போயிருக்கின்றன. தலித் குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்திய தன் பாட்டி பொன்னுத்தாயின் நினைவு அவருடைய வேலை முழுவதும் ஓடுகிறது. ஹூப்பரின் படத்தில் பெயரில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களின் பேரப் பிள்ளைகள் கேமராவுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள்.

இனி இந்தப் படங்கள் ரெஃபரன்ஸ் பலகைக்குப் போகும். போகத் தொடங்கிவிட்டன என்றும் சொல்லலாம். ‘ராவாக இருக்க வேண்டும்’, ‘மண் வாசனை வேண்டும்’ என்று விளம்பரக்காரர்கள் கேட்பது இந்த வெளிச்சத்தைத்தான். 1990இல் தெரேஸ் ஃப்ரேர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், எய்ட்ஸ் நோயால் இறக்கும் தறுவாயில் இருந்த டேவிட் கிர்பியைக் குடும்பத்தார் சூழ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் லைஃப் இதழில் வந்தது. 1992இல் ஒலிவியேரோ தோஸ்கானி அதற்கு வண்ணம் ஏற்றி பெனட்டன் ஆடை நிறுவனத்தின் விளம்பரமாக்கினார். குடும்பம் சம்மதித்தது, நோயைப் பற்றி உலகம் பேசும் என்று நம்பியது. உலகமும் பேசியது. மூலையில் நிறுவனத்தின் பச்சைப் பட்டையும் இருந்தது. சம்மதம் இருந்தால் போதுமா, படத்தால் நன்மை விளைந்தால் பட்டையைப் பொறுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரே விடை இல்லை. ஆனால் மலக்குழியில் கணவரை இழந்த ஒரு பெண்ணின் முகத்து வெளிச்சம் நாளை ஒரு கிருமிநாசினி விளம்பரத்தின் வெளிச்சமாக மாறினால், அவருக்கு அதில் சொல்ல ஒரு வார்த்தை இருக்க வேண்டும். படம் எடுத்தவருக்கும் இருக்க வேண்டும்.

சட்டம் இதில் சிறிது கைகொடுக்கிறது. மாணவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்பவரின் படத்துக்கு முதலாளியே பொதுவாக உரிமையாளர். ஆகவே எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். ஆனால் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பாளி இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. தன் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதையும் எதிர்க்கலாம். விஞ்ஞான் பவனில் தான் வடித்த சுவர்ச் சிற்பத்தை அகற்றிச் சேதப்படுத்தியதற்காக அமர் நாத் சேகல் மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டு 2005இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றார். சிற்பத்தை அவரிடம் திரும்பத் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இந்தச் சட்டம் படம் எடுத்தவரைத்தான் பார்க்கிறது. படத்தில் இருப்பவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியை நம் ஒழுங்கால் நாமே நிரப்ப வேண்டியிருக்கிறது.

அதனால் இங்கே வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேலையைக் கொடுக்கிறோம். உங்களில் பலர் ஃப்ளெக்ஸ் வடிவமைக்கிறீர்கள், கல்யாணத்துக்குக் கேமரா பிடிக்கிறீர்கள், நாளை விளம்பர நிறுவனங்களுக்கும் போவீர்கள். அதற்கு முன் நம் வட்டாரத்தின் பழைய ஸ்டூடியோக்களில் எறும்பு அரித்துக் கிடக்கும் நெகட்டிவ்களையும், சுவரெழுத்துக்காரர்கள் வீட்டுப் பரணில் இருக்கும் தகட்டு அச்சுகளையும், எழுதி முடித்த சுவருக்கு முன் நின்று அவர்கள் எடுத்துக்கொண்ட படங்களையும் கேட்டு வாங்கி மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலால் எழுதுங்கள்: எடுத்தவர் பெயர், படத்தில் இருப்பவர் பெயர், தெரு, ஆண்டு, அன்று வாங்கிய கூலி. பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.